பரமுவின் முதுகும் பின்சக்கர அப்சார்பரும்

ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, என்னைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள். மணியண்ணன் எஞ்சின் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார், சேற்றில் சாய்ந்த கொழுந்து லாரியை ஒற்றை ஜாக்கியில் நிமிர்த்தினார் என்றெல்லாம். அதில் பாதி பொய். மீதிப் பாதி நானே கிளப்பிவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு உள்ள ஒரே வசதி, கூட நின்று பார்த்தவர்களும் ஓய்வு பெற்றுப் போய்விடுவதுதான்.

ஆகவே வீரக் கதை வேண்டாம். வேலையை விட்ட பிறகு, என் வீட்டு வாசலில், என் சொந்த வண்டியில், யாருடைய உதவியும் இல்லாமல் நானே உண்டாக்கிய ஒரு நெருக்கடியைச் சொல்கிறேன். இதற்குச் சாட்சி பக்கத்து வீட்டுத் தேவி. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் வேன் அவளுடையது. வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அவள் இதைச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டன. ரிங்லெட் பாசாரில் மீன் விற்பவர்கூட என்னைப் பார்த்தால் "ஸ்பிரிங் கெடைச்சிச்சா?" என்று கேட்கிறார். எப்படியும் உங்கள் காதுக்கு வரப்போகிறது. என் வாயாலேயே வரட்டும்.

முதலில் பரமுவைச் சொல்ல வேண்டும். பரமேஸ்வரி, என் மனைவி. அவள் இன்னும் தேயிலை எஸ்டேட் வேலையில் இருப்பதால்தான் லைன் வீடு எங்களிடம் இருக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் கொழுந்து சுமந்து சுமந்து அவள் முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன டாக்டர், கூடவே ஒன்று சொன்னார். பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் வர வேண்டும். குலுங்கக் கூடாது.

குலுங்கக் கூடாதாம்! அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து நம் ரிங்லெட் வரை மலை ஏறும் பாதையை அந்த டாக்டர் பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தாலும் என் வண்டியைப் பார்த்ததில்லை. கை மாறி வந்த சின்ன எஸ்யூவி. முன்பக்கம் ராஜா மாதிரி போகும். குலுக்கலை வாங்கிக்கொள்ள வேண்டிய பின்பக்க அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஒரு குழியில் இறங்கி ஏறினால், அடுத்த வளைவு வரை பின்பக்கம் ஆடிக்கொண்டே வரும். உட்கார்ந்து வந்த காலத்திலேயே பரமு சொல்வாள்:

"இது காடியாங்க, இல்ல திருவிழா ராட்டினமா? டிக்கெட்டு எங்க குடுக்குறாங்க?"

நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஊரார் வண்டியெல்லாம் என் கையால் ஓட, என் வண்டி மட்டும் வரிசையில் கடைசி. இப்போது அவளை மறுநாள் காலை அழைத்து வர வேண்டும். புது அப்சார்பர் ஜோடியை வாங்கி வைத்திருந்தேன். ஒரு பகல் பொழுது கையில் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். உங்களில் ஒருவரே செய்து கொடுத்திருப்பீர்கள். ஆனால் பெண்டாட்டிக்கு நானே என் கையால் செய்ய வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். திமிர்.

எங்கள் லைன் வீட்டு முன்னால் சிமெண்டு போட்ட சமதளம் கொஞ்சம் உண்டு. அதன் விளிம்புக்கு அப்பால் சரிவு, சரிவெல்லாம் தேயிலை. இந்த மலையில் உருண்டையாக எதையும் கையிலிருந்து விடக் கூடாது என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரியும். நான் எச்சரிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தேன். பின்பக்கத்தைத் தூக்கி, பாடிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சக்கரங்களைக் கழற்றினேன். மனத்துக்குள் எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

இங்கேதான் லாரிக்காரன் புத்தி.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் லாரிகளின் பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். அதுவே அச்சை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கும். அப்சார்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தீபாவளிக்கு ஊர் போய்த் திரும்பி வந்தாலும் அச்சு வைத்த இடத்தில் இருக்கும். சின்ன வண்டி அப்படி இல்லை. சுருள் ஸ்பிரிங், அச்சுக்கும் பாடிக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் கட்டிவைக்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் அச்சு கீழே விழப் பார்க்கும். விழாமல் பிடித்திருப்பது அந்த அப்சார்பர் மட்டுமே. அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும்.

எனக்குத் தெரியாதா? தெரியும். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கை இத்தனை வருஷமும் லாரிக்கு அடியில் கிடந்த கை. ஸ்பேனரைப் பிடித்ததும் அது என்னைக் கேட்காமல் லாரி வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு பக்கத்துக் கீழ் போல்ட் சுலபமாக வந்தது. இன்னொரு பக்கம் துரு. எண்ணெய் விட்டேன், திட்டினேன், மறுபடி எண்ணெய் விட்டேன். பிறகு சுத்தியலால் ஒரு போடு.

டமார்.

அச்சு அப்படியே இறங்கிவிட்டது. இந்தப் பக்கத்து ஸ்பிரிங் நழுவி என் முழங்கால் பக்கத்தில் மரியாதையாகப் படுத்தது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு அந்த மரியாதை இல்லை. துள்ளி வெளியே விழுந்தது. சிமெண்டில் உருண்டது. விளிம்பு வரை போய், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு கணம் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பிறகு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அந்த நேரத்தில் உங்கள் மணியண்ணன் என்ன செய்தார் என்று கேளுங்கள். முதலில் விளிம்புக்கு ஓடினேன். பாதியில் அச்சு ஞாபகம் வந்து திரும்பி ஓடி வந்தேன். வந்த வேகத்தில் மண்டியிட்டு, தொங்கிக்கொண்டிருந்த அச்சைத் தூக்கிப் பிடிக்க இரண்டு கையையும் உள்ளே விட்டேன். எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன், விழுகிற இரும்பைக் கையால் பிடிக்காதே என்று! விட்டது மட்டுமில்லை, அச்சைப் பார்த்துக் கத்தவும் செய்தேன்.

"நில்லு! நில்லு! நில்லுடா டேய்!"

பின்னாலிருந்து ஒரு குரல். "யாருக்கிட்டண்ணே நில்லுங்கறீங்க?"

தேவி. கையில் தூக்குச் சட்டி. பரமு ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு அவள் வீட்டிலிருந்துதான்.

"அலாமாக்! கையை எடுங்கண்ணே மொதல்ல!"

"விட்டா விழுந்துடும் தேவி!"

"அது விழுந்து ரொம்ப நேரமாச்சு. இனி எங்க விழப் போவுது? கையை எடுத்துட்டுப் போயி கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

அவள் சோற்றுக்காகச் சொன்னாள். ஆனால் "கையைக் கழுவு" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ சுவிட்சு போட்ட மாதிரி இருந்தது.

இந்த வழக்கம் இப்போதும் ஒர்க்‌ஷாப்பில் உண்டா என்று தெரியவில்லை. நான் சேர்ந்த காலத்தில் ஒரு பெரிய ஃபோர்மேன் இருந்தார். பேச்சுக் குறைவு. மழைநாளில் ஒரு டிராக்டர் சரிவில் மாட்டிக்கொண்டு, இழுக்கிற கம்பி அறுகிற மாதிரி முறுகிக்கொண்டிருந்தபோது நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு பாயப் போனோம். அவர் ஒரு சோப்புத் துண்டை நீட்டினார். எல்லாரும் போய்க் கை கழுவிட்டு வாங்க என்றார். அந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில்! மனிதருக்குப் பைத்தியம் என்றே நினைத்தோம். கழுவிவிட்டு வந்து நின்றால், கழுவிய கையை உடனே அழுக்காக்க மனசு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்தோம். பார்த்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் பாயப் போன பக்கத்தில்தான் கம்பி அறுந்தால் வந்து அடிக்கும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சோப்பைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து எது உடைந்தாலும், எது மாட்டிக்கொண்டாலும், முதலில் சோப்பு. எத்தனையோ வருஷம் நான் அடுத்தவர்களைக் கழுவ வைத்தேன். என் வீட்டு வாசலில் எனக்குச் சோப்பு நீட்ட ஆள் இல்லை. அதுதான் அச்சோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கழுவினேன். வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே தூரத்திலிருந்து வண்டியைப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அச்சின் பாரம் முழுக்க இரண்டு பக்கத்து பிரேக் ஹோஸில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ரப்பர்க் குழாய் இரண்டும் துணி காயப்போடும் கயிறு மாதிரி விறைத்து நின்றன.

ஸ்பிரிங் எங்கே ஓடியது என்று நான் பதறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவைதான் சுமந்துகொண்டிருந்தன. எழுந்து போய் அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, மெதுவாகத் தூக்கித் தாங்கினேன். ஹோஸ் தளர்ந்தது. பிறகு ஸ்பிரிங்கைத் தேடச் சரிவில் இறங்கினேன்.

மலையில் மத்தியானத்துக்கு மேல் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். பனிமூட்டம் வந்துவிட்டது. இடுப்பளவு தேயிலைக்குள் குனிந்து குனிந்து, கறுப்பாக எது தெரிந்தாலும் பாய்ந்து பிடித்தேன். எல்லாம் வேர். மேலே விளிம்பில் நின்று தேவி, "எடப் பக்கம்ணே! உங்க எடது இல்லண்ணே, என் எடது!" என்று வழிகாட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. பரமு.

எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. நீ?"

"கஞ்சி குடுத்தாங்க. எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். சும்மா படுத்திருக்கேன்."

"வீட்டுக்குள்ள ஏங்க அப்படிக் காத்தடிக்குது?"

"ஜன்னல் தெறந்திருக்கு புள்ள."

பிறகு அவள், "ஸ்பிரிங்கு கெடைச்சிச்சா?" என்றாள்.

மேலே பார்த்தேன். தேவி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒரு பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எந்தப் பொய்யும் வரவில்லை. "இல்ல பரமு" என்றேன். "தேடிக்கிட்டே இருக்கேன். கெடைக்கல."

"காடியை எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டியிருந்தீங்க?"

"மூஞ்சி வீட்டைப் பாத்து."

"எடது பக்கத்து ஸ்பிரிங்கா, வலது பக்கமா?"

"எடது."

"அப்ப தண்ணி பைப்புக்கு நேராப் போயிருக்கும். அங்கருந்து எறங்குங்க. குறுக்கால தண்ணி ஓடுற லொங்காங் ஒண்ணு வரும். அதுக்கு மேல எங்கயும் தேடாதீங்க. எது உருண்டாலும் அதுலதான் போயி நிக்கும். காத்தடிச்சா என் வாளியெல்லாம் அங்கதான் போயி எடுப்பேன்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். அவள் சொன்ன வாய்க்கால் இருந்தது. புல் மூடிக் கிடந்தது. அதற்குள் ஒரு சிவப்பு வாளி, பிள்ளைகளின் பந்து, போன வருஷம் நான் நாய் தூக்கிப் போய்விட்டது என்று சொல்லி அந்த நாயோடு பேசாமலே இருந்த என் ஒற்றைச் செருப்பு, இவற்றுக்கு நடுவில் ஸ்பிரிங். அடி எதுவும் படவில்லை.

"கெடைச்சிருச்சு புள்ள! கெடைச்சிருச்சு!"

"கத்தாதீங்க. பக்கத்துக் கட்டில்ல ஆளு தூங்குறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்குங்க இந்த வேலையெல்லாம்? ஒர்க்‌ஷாப்புல குடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

"உன் முதுகுக்குத்தான். குலுங்கக் கூடாதுன்னாரே."

"அப்ப ஒழுங்கா செய்ங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தம்பி தங்கைகளே, இதுவரை நடந்தது வேடிக்கை. நெருக்கடி இனிமேல்தான்.

ஸ்பிரிங் கிடைத்த சந்தோஷத்தில் மேலே வந்து, ஹோஸைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் சரி. இன்னொரு பக்கம், இரும்பு முனையை ஒட்டிய இடத்தில் ரப்பர் லேசாக வெளுத்திருந்தது. வெடிப்பில்லை. கசிவில்லை. பழைய வெளுப்பாகவும் இருக்கலாம். அன்றைக்குத் தொங்கியதில் வந்ததாகவும் இருக்கலாம். மூட்டத்தில் வானம் வேறு இருண்டுகொண்டு வந்தது. அப்சார்பர் இரண்டும் இன்னும் பெட்டியிலேயே இருந்தன. ஹோஸை மாற்றுவதென்றால் ரிங்லெட் போக வேண்டும், கடையில் இருக்க வேண்டும், பிரேக் எண்ணெய் விட்டுக் காற்று எடுக்க வேண்டும்.

தேவி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு போல."

"போலன்னா?"

"இருக்குன்னுதான் தோணுது."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏண்ணே, பள்ளிக்கூடம் தெறக்கறதுக்கு முந்தி என் வேனுக்கு அடியில படுத்துக்கிட்டு, அது சரியில்ல இது சரியில்லன்னு என்னா பாடு படுத்துவீங்க! பிள்ளைங்க ஏர்ற வண்டி, போல கீலன்னு சொல்லாதேன்னு என்னையத் திட்டுவீங்களே. இந்தக் காடியில யாரு ஏறப் போறாங்க? துரையா?"

நாளெல்லாம் யோசித்து யோசித்து அப்சார்பர் வாங்கியவன் நான். பரமு குலுங்கக் கூடாது என்பதிலேயே புத்தி போய், அந்த மலைப்பாதையில் வண்டி நிற்க வேண்டும் என்பது பின்னால் போய்விட்டது.

"உன் வேன்ல போயி ரிங்லெட்ல வாங்கியாந்துடலாமா?" என்றேன்.

"அதானே! சோத்தைத் தின்னுட்டு அப்பவே கேட்டிருக்கணும் லா."

போகும் வழியில் இன்னொன்றும் முடிவு செய்தோம். இருட்டுவதற்குள் வேலை முடிந்து நான் ஓட்டிப் பார்த்துத் திருப்தி ஆகாவிட்டால், என் வண்டி ஈப்போவுக்குப் போகாது. தேவியின் வேன் போகும். இதைப் பரமுவிடமும் சொல்லிவிடலாம் என்று போன் செய்தோம். "தேவி வேனா?" என்றாள் பரமு. "அதுல வந்தா டாக்டரு வச்ச தையலெல்லாம் தாப்பாவுலயே எறங்கிரும்." தேவிக்குக் கோபம் வந்து, வேண்டுமென்றே ஒரு குழியில் விட்டு எடுத்தாள்.

இந்த ஒரு முடிவுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை. மாற்று வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு என் அவசரம் போய்விட்டது. எப்படியாவது முடித்தே ஆக வேண்டும் என்று நினைப்பவன்தான் வெளுத்த ஹோஸைத் துடைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்பான். முடியாவிட்டாலும் குடி முழுகாது என்று தெரிந்தவனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

ஸ்பேர் பார்ட் கடை முதலாளி, நம் தவுக்கே, இரண்டு பக்கத்துக்கும் ஹோஸ் வைத்திருந்தார். திரும்பி வந்து மாற்றினோம். பிரேக்கில் காற்றெடுக்கத் தேவி மிதிக்க வேண்டும், நான் கீழே திறந்து மூட வேண்டும்.

"மிதி. மிதி. புடி!"

"புடிச்சிருக்கேன்."

"விடாதே!"

"விடல லா! நீங்கதான் அந்த ஸ்பிரிங்கை விட்டது!"

அப்சார்பர்களை மாட்டியதை விவரிக்க மாட்டேன். அதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கிவிடாதீர்கள். வண்டி தரையில் தன் பாரத்தோடு நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். நான் ஒரு படி மேலே போய்த் தேவியைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"நீயும் பரமுவும் ஒரே எடைதானே. அவ உக்காந்திருக்கிற மாதிரியே வச்சி இறுக்கிடறேன்."

"பொம்பளை எடையை நடு வாசல்ல வச்சிச் சொல்றீங்களே, இருங்க, அக்காகிட்ட சொல்றேன்" என்றபடியே ஏறி உட்கார்ந்தாள். அதற்கு அவசியமே இல்லை. வண்டி சும்மா நின்றாலே போதும். ஆனால் அன்றைக்கு மனசு அப்படி இருந்தது.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. வழக்கமாக நாம் என்ன செய்வோம்? ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு சுற்றுப் போய் வந்து, சரி என்று கையெழுத்துப் போடுவோம். நானும் ஓட்டுகிற பக்கம்தான் ஏறப் போனேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். ஓட்டுகிறவனுக்குக் குழி முன்கூட்டியே தெரியும். உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் சாய்ந்திருப்பவளுக்கு எதுவும் தெரியாது. சாவியைத் தேவியிடம் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து தலையணையை எடுத்து வந்து, பின் சீட்டில் பரமு சாயப்போகும் மாதிரியே நான் சாய்ந்துகொண்டேன்.

தேவி எப்படி ஓட்டுவாள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எஸ்டேட் பாதையில் ஒரு குழியையும் விடவில்லை. சில குழிகளைத் தேடிப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குழியில் இறங்கியது. ஏறியது. அவ்வளவுதான். ஒரு முறை அமுங்கி, நிமிர்ந்து, நின்றது. ஆட்டம் இல்லை.

"என்னாண்ணே, உசுரோட இருக்கீங்களா?"

"இன்னொரு தடவை அந்தக் குழிக்குப் போ."

"பாத்தீங்களா, உங்களுக்கே ராட்டினம் புடிச்சிப் போச்சு!"

வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் ஈப்போவில் பரமுவை என் வண்டியில் ஏற்றினேன். நர்சு ஒருத்தி கைத்தாங்கலாகப் பிடித்தாள். தலையணை, போர்வை, முதுகுக்கு ஒரு துண்டு என்று எல்லாம் வைத்துச் சாய்த்தேன். தாப்பா வரை சமதளப் பாதை. ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் கதை, கஞ்சியின் கதை, என் செருப்பின் கதை. தாப்பாவில் மலை ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது.

முதல் வளைவு. கண்ணாடியில் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு வளைவு. ஒரு சத்தமும் இல்லை. மேலே திரிங்காப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிய லாரிகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. அவை போட்ட குழி ஒன்றில் வண்டி இறங்கி ஏறியது. அதற்கும் சத்தமில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படித்தான். தட்டு விலகிய பிறகும் சொல்லாமல் எத்தனையோ நாள் கொழுந்துக் கூடையைச் சுமந்தவள். தையல் பிரிந்துவிட்டதோ? போல்ட் தளர்ந்ததோ? ஒரு பக்கம் இறுக்கினேனா? இறுக்கினேன். இறுக்கினேனா?

உங்கள் மணியண்ணன், அமைதிக்குப் பேர்போனவர், சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் வண்டியைத் திடீரென்று ஓரங்கட்டி, கதவைத் திறந்து, வண்டியைச் சுற்றி ஓடி, பின் கதவைத் திறந்தார்.

"பரமு! பரமு!"

அவள் கண்ணைத் திறந்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

"வந்துட்டமா?"

"இல்ல. நீ ஒண்ணும் பேசலியேன்னு..."

"தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"தூங்கினியா? இந்த ரோட்டுலயா?"

"ஆமா. ஆஸ்பத்திரியில எங்க தூக்கம்? இங்கதான் நல்லா வந்துச்சு. அதுக்குள்ள எழுப்பிட்டீங்க." என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அந்த சோப்புக் கதையை அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

"மொதல்ல போயி கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

சாலையோரத்தில் மலைத்தண்ணீர் வரும்படி யாரோ ஒரு குழாயைச் செருகிவிட்டிருந்தார்கள். அதன் கீழே நின்று கழுவினேன். கையில் அழுக்கு எதுவும் இல்லை. தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. கழுவிய கையை உதறிக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்று வண்டியைப் பார்த்தேன். நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. பின்பக்கம் தாழவும் இல்லை, சாயவும் இல்லை. உள்ளே ஒருத்தி போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள்.

நான் திரும்பி வருவதற்குள் அவள் மறுபடி தூங்கிவிட்டாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன். ஏறி வண்டியைக் கிளப்பியதும், பின்னால் வந்த ஒரு லாரி வழி கேட்டு நீளமாக ஹாரன் அடித்தது. வழக்கமாக நானும் பதிலுக்கு அடித்து, ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு நல்ல வார்த்தையும் சொல்வேன். அன்றைக்குக் கையை மட்டும் வெளியே நீட்டி, போங்க போங்க என்று காட்டினேன். ரிங்லெட் வரை நான் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.